பிழையும் ஆயிரம் பொன் – 6: தலைகீழாக வந்த ராணி

சென்ற வாரம் அமெரிக்காவில் இருந்தோம். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பெட்டிகளுக்குள் செருகித் தந்த பேஸ்பால் சீட்டுகளைப் பார்த்தோம். ஷெர்ரி மகீ என்ற ஆட்டக்காரரின் பெயரில் ஒரே ஓர் எழுத்து மாறி அச்சானது. பிறகு அது திருத்தப்பட்டது. திருத்துவதற்குள் வெளியே போய்விட்ட சில சீட்டுகளைத்தான் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

'மிஸ்கட்' பற்றியும் பேசினோம். ஒரே பெரிய தாளில் வரிசை வரிசையாக அச்சான சீட்டுகளை வெட்டும்போது கத்தி இடம் தவறினால், ஒரு வீரரின் பாதி முகமும் பக்கத்து வீரரின் தோளும் ஒரே சீட்டில் வந்துவிடும். எண்பதுகளின் கடைசியில் பிக் ஃபன் பபுள்கம் வாங்கி, ரன்னும் விக்கெட்டும் அச்சிட்ட கிரிக்கெட் சீட்டு சேர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி ஒன்றோடு நிறுத்தியிருந்தோம். அச்சு தவறுவது ஒரு வகை. வெட்டு தவறுவது இன்னொரு வகை. இரண்டும் ஒரே துண்டுக் காகிதத்தில் சந்தித்தால் என்ன ஆகும்?

அப்படிச் சந்தித்த காகிதம் உண்டு. அது அச்சானது அமெரிக்காவில் இல்லை, நம் நாட்டில். அந்த சிகரெட் சீட்டுகளைவிட அரை நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது.

ஆண்டு 1854. இடம் கல்கத்தா.

✦

நிலம் அளந்தவர்கள் தலையில் விழுந்த வேலை

கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு அவசரம். ரயில், தந்தி, தபால் மூன்றையும் தன் காலத்திலேயே ஓடவிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். 1853இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ரயில் ஓடிவிட்டது. அடுத்தது தபால்.

அதுவரை கடிதத்துக்குக் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. பக்கத்து ஊருக்கு ஒரு விலை, பம்பாய்க்கு ஒரு விலை. புதிய சட்டம் அதைத் தூக்கி எறிந்தது. கால் தோலா எடைக்குள் இருந்தால், நாட்டின் எந்த மூலைக்கும் அரையணா. கட்டணத்தை முன்கூட்டியே அஞ்சல்தலை ஒட்டிச் செலுத்த வேண்டும். ஒட்டாமல் அனுப்பினால் பெறுபவர் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும்.

நாள் குறித்தாயிற்று: 1854 அக்டோபர் 1.

நாடு முழுவதற்கும் அஞ்சல்தலை வேண்டும். அதை அச்சடிப்பது யார்?

அதற்கு முன் சிந்து மாகாணத்தில் ஒரு முயற்சி நடந்திருந்தது. கமிஷனர் பார்ட்டில் ஃப்ரேர் 1852 ஜூலையில் வெளியிட்ட 'சிந்து டாக்' தலைகள் ஆசியாவின் முதல் அஞ்சல்தலைகள். அது ஒரு மாகாணத்துக்கு மட்டுமானது, சிறிய அளவு. இப்போது தேவைப்பட்டதோ கோடிக்கணக்கில்.

லண்டனில் அச்சடித்துக் கப்பலில் கொண்டுவரலாம். அதற்குக் காலம் பிடிக்கும். எனவே கல்கத்தா நாணயச் சாலையின் கர்னல் ஃபோர்ப்ஸிடம் பொறுப்பு போனது. அவர் சிங்கமும் பனைமரமும் உள்ள அழகான மாதிரி ஒன்றைத் தயாரித்தார். ஆனால் கேட்ட அளவுக்கு, கேட்ட வேகத்தில் அச்சடித்துத் தர அவரிடமிருந்த இயந்திரங்களால் முடியவில்லை.

நாள் நெருங்கியது. அப்போதுதான் வேலை கை மாறி, யாரும் எதிர்பார்க்காத ஓர் அலுவலகத்தின் வாசலில் வந்து விழுந்தது.

நில அளவைத் துறை.

நம் பரங்கிமலையிலிருந்து 1802 ஏப்ரலில் லாம்ப்டன் சங்கிலி பிடித்துத் தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையும், நாட்டின் பிற நில அளவைகளும் சேர்ந்து, அரை நூற்றாண்டில் கல்கத்தா அலுவலகத்தில் வரைபடங்களாகக் குவிந்திருந்தன. வரைபடத்தைப் பிரதி எடுக்கக் கல்லச்சு வேண்டும். அது அங்கே இருந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள்.

துணை சர்வேயர் ஜெனரலாக இருந்த கேப்டன் ஹென்றி லாண்டர் துய்லியர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மலையும் ஆறும் அச்சடித்த கற்களில் ராணியின் தலை ஏறியது.

✦

கல் எப்படி அச்சடிக்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

1796 வாக்கில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை கல்லச்சு. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் உருவத்தை ஏற்றுவார்கள். கல்லை ஈரப்படுத்துவார்கள். வெறும் இடம் நீரை உறிஞ்சும், பசை உள்ள இடம் நீரைத் தள்ளும். பிறகு உருளையால் மை தடவினால், மை பசையில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஈரத்தைத் தொடாமல் விலகும். காகிதத்தை வைத்து அழுத்தினால் உருவம் பதியும். எழுத்து மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள பகைதான் அச்சு.

இன்றும் அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி, பட்டரவாக்கத்திலும் கருக்கிலும் எங்கள் மேனாம்பேட்டிலும் ஓடும் ஆஃப்செட் இயந்திரங்கள் இதே பகையில்தான் பிழைக்கின்றன. கல்லுக்குப் பதில் அலுமினியத் தகடு. நடுவில் ஒரு ரப்பர் பிளாங்கெட். தண்ணீர் உருளையும் மை உருளையும் அப்படியே இருக்கின்றன. தண்ணீர் கூடினால் அச்சு வெளுக்கும், குறைந்தால் தாள் முழுக்க மை பிடிக்கும்.

துய்லியரின் ஆட்கள் இந்தச் சிக்கலைக் கல்கத்தாவின் வெயிலிலும் புழுக்கத்திலும் கையாள வேண்டியிருந்தது. முதலில் அரையணாத் தலையைச் செந்தூர நிறத்தில் அச்சடிக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த செந்தூர மை தீர்ந்தது. உள்நாட்டுச் செந்தூரத்தைப் பூசியபோது கல்லின் உருவமே கெட்டுப்போனது. அதுவரை அச்சடித்த தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, அரையணாவை நீலத்துக்கு மாற்றினார்கள். ஓரணா சிவப்பில் போனது. இரண்டணாப் பச்சையை மட்டும் நாணயச் சாலை வேறு முறையில் அடித்துக் கொடுத்தது.

கூலிக்காரரின் கடிதமும் கலெக்டரின் கடிதமும் ஒரே கட்டணத்தில் போகத் தொடங்கிய அந்த அக்டோபரில், மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. கனமான உறைகளுக்கான நாலணாத் தலை.

அதில் துய்லியர் ஓர் ஆசைப்பட்டார்.

✦

இரண்டு வண்ணம், இரண்டு கல்

நாலணா கால் ரூபாய். அந்தக் காலத்துக்குச் சின்னத் தொகை இல்லை. மற்ற தலைகளிலிருந்து பார்த்தவுடன் பிரித்தறியும்படி இருக்க வேண்டும். எனவே இரண்டு வண்ணம்: சிவப்பில் எண்கோணச் சட்டம், நடுவில் நீலத்தில் விக்டோரியா ராணியின் தலை. சட்டத்தின் மேற்பக்கம் 'இந்தியா', கீழ்ப்பக்கம் 'நாலணா', இரண்டும் ஆங்கிலத்தில்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் 1845இலேயே பல வண்ணத்தில் புறாத் தலையை வெளியிட்டிருந்தது. அதைத் தவிர்த்தால், உலகில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் ஆரம்ப காலப் பலவண்ணத் தலைகளில் இதுவும் ஒன்று. ஆசை பெரிது.

கல்லச்சில் ஒரு கல்லுக்கு ஒரு வண்ணம். சட்டத்துக்கு ஒரு கல், தலைக்கு ஒரு கல். ஒவ்வொரு தாளும் இரண்டு முறை அச்சு ஏற வேண்டும். முதல் வண்ணம் ஏறிய தாள்கள் காய்ந்ததும், ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, இரண்டாவது கல்லின்மேல் சரியான இடம் பார்த்து வைக்க வேண்டும்.

முதல் அச்சில் ஒரு தாளுக்குப் 12 தலைகள், நன்றாக இடைவெளி விட்டு. அக்டோபர் நடுவில் வேலை தொடங்கியது.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மேனாம்பேட்டில் நான் நடந்துபோகும் வழியில் சிறிய அச்சகம் ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு சிங்கிள் கலர் மெஷின். இரண்டு வண்ண வேலை வந்தால் அவர்களும் 1854 கல்கத்தா மாதிரிதான்: முதல் வண்ணம் ஓட்டி, அடுக்கி, காயவிட்டு, பிளேட் மாற்றி, இரண்டாவது வண்ணம். மெஷின் ஓட்டும் தம்பியிடம் கேட்டேன்: "ஒரு தாள் தலைகீழா உள்ளே போக வாய்ப்பிருக்கா தம்பி?"

"ஒண்ணு போகாது சார். போனா ஒரு கை போகும்" என்றார். "காய வெச்ச ஷீட்டைக் கையில அள்ளி அடுக்குவோம்ல, அப்ப ஒரு அள்ளு திரும்பிடும். அதான் அடுக்கோட ஒரு பக்கத்துல பேனாவால கோடு இழுத்து வெச்சிருக்கோம் பாருங்க."

காட்டினார். தாள் அடுக்கின் பக்கவாட்டில், மேலிருந்து கீழ்வரை சாய்வாக நீலக் கோடு. ஒரு தாள் திரும்பினாலும் அந்த இடத்தில் கோடு அறுந்துவிடும். பத்து ரூபாய்ப் பேனாவில் முடிந்துபோகிற காவல்.

"சரி, கோட்டையும் மீறிப் போயிட்டா?"

"எழுத்து வேலைன்னா முதல் ஷீட்டுலயே தெரிஞ்சிடும். லேபிள் வேலைன்னா கஷ்டம் சார். நாலு பக்கமும் சமமா இருக்கிற லேபிள் தலைகீழா போனாலும் டப்புன்னு உக்காந்துக்கும். கட்டிங்குக்குப் போனப்புறம்தான் கத்துவாங்க."

கல்கத்தாவில் நடந்ததை அவர் அறியாமலே சொல்லி முடித்துவிட்டார்.

12 தலைகள் சீரான வரிசையில். ஒவ்வொன்றும் எண்கோணம், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே வடிவம். தாளை அரைச்சுற்று திருப்பி வைத்தாலும், 12 சட்டங்களின் நடுவிலும் 12 தலைகள் அழகாக வந்து உட்காரும். ஓரம் இடிக்காது, கோடு விலகாது. ஒரே வித்தியாசம், ராணியின் கிரீடம் 'நாலணா'வைப் பார்த்திருக்கும், கழுத்து 'இந்தியா'வை.

செய்நேர்த்தி கூடக்கூடப் பிழை மறைவதும் எளிதாகிவிட்டது. சட்டம் கோணலாக இருந்திருந்தால் எவராவது பார்த்திருப்பார்கள்.

தாள் திரும்பியது. கல் அழுத்தியது. அந்தத் தாளை வைத்த கைக்கு உரியவரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. அந்த அலுவலகத்தில் அது புதிதும் இல்லை. துய்லியரும் ஸ்மித்தும் 1851இல் வெளியிட்ட நில அளவைக் கையேட்டுக்குக் கணித மேதை ராதாநாத் சிக்தார் எழுதித் தந்த பகுதிகள் உண்டு. முதல் பதிப்பின் முன்னுரை அதைச் சொல்லி நன்றி கூறியது. சிக்தார் இறந்தபின் 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த நன்றி காணாமல் போனது. சிக்தாருக்கே அந்தக் கதி என்றால், கல் அச்சில் தாள் வைத்தவரை யார் நினைக்கப்போகிறார்கள்?

✦

இருபது ஆண்டு மௌனம்

1918இல் அமெரிக்காவில் இதே போன்ற பிழை நடந்தது. 24 சென்ட் விமானத் தபால் தலையில் கர்ட்டிஸ் ஜென்னி விமானம் தலைகீழாகப் பறந்தது. மே 14ஆம் தேதி வாஷிங்டன் அஞ்சலகத்தில் 100 தலைகள் கொண்ட ஒரு தாளை 24 டாலருக்கு வாங்கிய ராபி என்ற சேகரிப்பாளர், கவுன்ட்டரிலேயே பிழையைப் பார்த்துவிட்டார். சில நாட்களில் 15,000 டாலருக்கு விற்றார். அதிகாரிகள் அவரைத் தேடி வந்தார்கள், பத்திரிகைகள் எழுதின.

கல்கத்தாவின் நாலணாவுக்கு என்ன ஆனது?

எதுவும் ஆகவில்லை. அஞ்சலகத்துக்குப் போனது. விற்கப்பட்டது. ஒட்டப்பட்டது. முத்திரை குத்தப்பட்டது. ஊர் போய்ச் சேர்ந்தது.

ஏன் யாரும் பார்க்கவில்லை?

முதல் காரணம், அஞ்சல்தலை என்பதே அப்போது புதுப் பொருள். சரியான நாலணா எப்படி இருக்கும் என்று எவருக்கும் பழகவில்லை. சரியானதைப் பார்த்துப் பழகாத கண்ணுக்குப் பிழை எப்படித் தெரியும்?

இரண்டாவது, சேகரிப்பாளர் கூட்டம் இன்னும் உருவாகவில்லை. 1918இல் ராபி வரிசையில் நின்றபோதே பிழை வரக்கூடும் என்று எதிர்பார்த்துத்தான் நின்றார். 1854இல் தலையை உற்றுப் பார்க்க எவருக்கும் காரணம் இல்லை.

மூன்றாவது, நான் ஊகிப்பது. நம் ஊர்க் குமாஸ்தா ஒருவர் உறையில் அந்தத் தலையை ஒட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்து பழக்கமில்லை. அவர் எதை நேராக வைப்பார்? முகத்தைத்தானே! ராணி நேராக இருந்தால் போதும், எழுத்து தலைகீழாக நின்றால் என்ன? தபால் குமாஸ்தா முத்திரையை ஓங்கிக் குத்தும்போதும் அவர் பார்ப்பது நிறத்தை. சிவப்பும் நீலமும் இருந்தால் நாலணா.

இப்படி இருபது ஆண்டுகள். இதற்கிடையில் சிப்பாய்க் கிளர்ச்சி வந்தது. கம்பெனி ஆட்சி போய், தலையில் இருந்த ராணியே ஆட்சிக்கு வந்தார். நம் ராயபுரத்திலிருந்து 1856இல் புறப்பட்ட ரயில் அம்பத்தூர், ஆவடி வழியாக வாலாஜா ரோடு போனது. துய்லியர் 1861இல் சர்வேயர் ஜெனரல் ஆனார்.

1874இல், லண்டன் அஞ்சல்தலைச் சங்கத்தின் கூட்டத்தில், ஒரு நாலணாவின் ராணி தலைகீழாக இருப்பது முதன்முறையாகக் கவனிக்கப்பட்டது.

பிழை பிறந்தது 1854இல். பொக்கிஷம் ஆனது 1874இல். நடுவில் இருந்த இருபது ஆண்டுகள்தான் அதன் விலையைத் தீர்மானித்தன. அந்த இருபது ஆண்டுகளில் கிழித்து எறியப்பட்டவை போக, மிஞ்சியவை ஏறக்குறைய முப்பது.

மிஞ்சியவற்றை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அடுத்த அதிர்ச்சி காத்திருந்தது.

✦

கத்தரிக்கோல்

கிட்டத்தட்ட எல்லாமே எட்டு மூலையோடு இருந்தன.

1854இன் தலைகளுக்கு ஓரத்தில் துளை கிடையாது. இன்று கிழிப்பதுபோல் கிழிக்க முடியாது. தாளிலிருந்து கத்தரிக்கோலால்தான் வெட்டி எடுக்க வேண்டும். அரையணாவும் ஓரணாவும் செவ்வகம். நேர்க்கோட்டில் நாலு வெட்டு போதும். நாலணாவோ எண்கோணம், சுற்றிலும் வெள்ளைக் காகிதம். கத்தரிக்கோல் பிடித்தவர் என்ன செய்வார்? பொட்டலத்தில் ஒட்டும் லேபிள் போலச் சட்டத்தை ஒட்டியே எட்டு பக்கமும் வெட்டினார். ஒழுங்காக இருக்கட்டும் என்றுதான் வெட்டினார்.

அந்த ஒழுங்குதான் விலையைக் குடித்தது.

சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டுச் சதுரமாக வெட்டிய தலையைத்தான் சேகரிப்பாளர்கள் முழுத் தலை என்பார்கள். தலைகீழ் ராணியில் அப்படிச் சதுரமாக வெட்டப்பட்டு மிஞ்சியவை இரண்டோ மூன்றோ. லண்டன் ராயல் சங்கத்தின் தலைவராக இருந்த கிராஃபோர்ட் பிரபு அத்தகைய ஒன்றை வைத்திருந்தார். அது 2006இல் வாஷிங்டனில் நடந்த உலக அஞ்சல்தலைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது.

சென்ற வாரக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம்.

பேஸ்பால் சீட்டில் கத்தி இடம் தவறினால் அதற்கென்று ஆள் தேடி வருகிறான். நாலணாவில் கத்தரிக்கோல் சட்டத்தை ஒட்டிப் போனால் விலை பாதாளத்துக்குப் போகிறது. இரண்டும் வெட்டுதானே, ஏன் இந்த ஓரவஞ்சனை?

சேகரிப்பாளர்களின் உலகத்தில் எழுதப்படாத எல்லைக்கோடு ஒன்று உண்டு. அது அச்சகத்தின் வாசற்படி. வாசற்படிக்கு உள்ளே நடந்தது பிழை. வெளியே நடந்தது சேதம். ஆலையின் கத்தி தவறினால் அது அந்தப் பொருளின் பிறவிக்குறி. வாங்கியவரின் கத்தரி தவறினால் அது காயம்.

எனவேதான் அமெரிக்கத் தரமதிப்பீட்டு நிறுவனமான பிஎஸ்ஏ, ஆலையில் தவறி வெட்டிய சீட்டுக்கு 'மிஸ்கட்' என்ற குறிப்புடன் தரம் தருகிறது. பின்னாளில் ஓரம் நறுக்கிய சீட்டுக்கோ தரமே தருவதில்லை.

வாசற்படியை அழித்து விளையாடியவர்களும் உண்டு. உலகின் மிகப் புகழ்பெற்ற பேஸ்பால் சீட்டு, அதே சிகரெட் வரிசையில் (டி-206) வந்த ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் சீட்டு. அதில் பளிச்சென்ற ஒரு பிரதியை 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பிஎஸ்ஏ தரம் கொடுத்த முதல் சீட்டே அதுதான். ஓரம் அவ்வளவு கூர்மையாக இருக்கிறதே என்று பல ஆண்டுகள் முணுமுணுப்பு இருந்தது. 2013இல் ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: அந்தச் சீட்டின் ஓரத்தை நறுக்கியது தான்தான்.

கல்கத்தாக் குமாஸ்தா நறுக்கினார், அறியாமல் விலையைக் குறைத்தார். மாஸ்ட்ரோ நறுக்கினார், அறிந்தே விலையைக் கூட்டினார்.

✦

எத்தனை தாள் திரும்பியது?

ஒரு சின்னக் கணக்கு.

அமெரிக்காவின் ஜென்னியில் வெளியே போனது ஒரே தாள், 100 தலை. நாலணாவில் எத்தனை?

ஒரு தாளில் 12 தலை. இன்று தெரிந்தவை ஏறக்குறைய 30. ஒன்றுகூடத் தொலையாமல் எல்லாமே பிழைத்திருந்தாலும் குறைந்தது மூன்று தாள் திரும்பியிருக்க வேண்டும். தபால் உறையிலிருந்து இருபது ஆண்டுகளுக்குமேல் ஒரு தலை பிழைப்பது எவ்வளவு அரிது என்று யோசித்தால், உண்மை எண்ணிக்கை அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

எங்கள் மெஷின்காரத் தம்பி சொன்ன "ஒரு அள்ளு" இப்போது காதில் விழுகிறதா?

இந்த நாலணாவை மட்டுமே ஆராய்ந்து மார்ட்டினும் ஸ்மைதீஸும் 1930இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார்கள். ஸ்மைதீஸ் தொழிலால் வனத்துறை அதிகாரி. தலையின் மூக்கு, கொண்டை, சட்டத்தின் கோடு என்று ஒவ்வொன்றிலும் உள்ள நுண் வித்தியாசத்தை வைத்து, எந்தத் தலை எந்தக் கல்லில் பிறந்தது என்று பிரித்துக் காட்டினார்கள். காட்டில் மரம் அடையாளம் காணும் கண் கல்லச்சிலும் வேலை செய்தது.

கல்லச்சு நாலணாவின் ஆயுள் குறுகியது. 1855இலேயே லண்டனின் டி லா ரூ நிறுவனம் அச்சடித்த ஒற்றை வண்ண நாலணா வந்துவிட்டது. இரண்டு வண்ண ஆசை அடங்கியது. அடுத்த எழுபது ஆண்டுகள் இந்தியத் தலைகள் லண்டனிலேயே அச்சாகின. 1920களில் நாசிக்கில் அச்சகம் வந்தபிறகுதான் வேலை திரும்ப நம் மண்ணுக்கு வந்தது.

பிழையும் கூடவே திரும்பி வந்தது. 1949 ஆகஸ்ட் 15இல் சுதந்திர இந்தியா வெளியிட்ட புதிய தலைகளில், ஓரணாவில் ஒரு போதிசத்துவர் இருந்தார். கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறி அச்சாகியிருந்தார். இம்முறை இருபது ஆண்டு ஆகவில்லை. 1950இலேயே திருத்திய தலை வந்தது. ஆனால் பிழையான ஓரணா அதற்குள் ஏராளமாக அச்சாகி விற்றாகிவிட்டது. அதனால் இன்று அது சில ரூபாய்க்கே கிடைக்கும்.

பிழை மட்டும் போதாது. கவனக்குறைவும் கத்தரிக்கோலும் குப்பைத்தொட்டியும் கூடி வேலை செய்து, மிச்சம் கொஞ்சமாக இருக்க வேண்டும். எண்ணிக்கை பெருகினால் பிழை வெறும் பிழைதான்.

இந்த உண்மை சேகரிப்பாளர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஒருநாள் ஓர் அரசாங்கத்துக்கும் தெரிந்தது.

✦

1962 அக்டோபர் 23. அதற்கு முந்தைய ஆண்டு விமான விபத்தில் இறந்த ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்டின் நினைவாக, அமெரிக்க அஞ்சல்துறை 4 சென்ட் தலை ஒன்றை வெளியிட்டது. மூன்று வண்ணம். அதில் மஞ்சள் மட்டும் சில தாள்களில் தலைகீழாக ஏறியிருந்தது.

நியூ ஜெர்சியில் நகைக்கடைக்காரர் ஒருவர் சேகரிப்புக்காக வாங்கிய தாளை விரித்தபோது அது கண்ணில் பட்டது. 50 தலைகள். அவர் அச்சுப்பிழையின் வரலாறு தெரிந்தவர். கையில் இருப்பது ஒரு குட்டி ஜென்னி என்று புரிந்தது.

செய்தி பரவி வாஷிங்டனை எட்டியது. போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் எட்வர்ட் டே நாளிதழைப் படித்தார். தன் துறையின் தவறால் ஒரு தனி மனிதர் பணக்காரராவது அவருக்குப் பிடிக்கவில்லை. தாளைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமில்லை. திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

ஆனால் அவர் கையில் ஓர் அச்சகம் இருந்தது.

நகைக்கடைக்காரரின் தாளைத் தொடாமலே, அதன் மதிப்பை ஒரே நாளில் துடைத்தெறிய டே போட்ட உத்தரவு என்ன?

(அடுத்த வாரம்)